ஏற்பி காணவில்லையா? இரத்த வெள்ளணுக்களில் சைட்டோகைன் ஏற்பி தேடும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதம்; அதைப் பிடிக்கச் செல்லின் மேல் இருக்கும் புரதமே ஏற்பி. இந்த ஏற்பிகளை ஃப்ளோ சைட்டோமீட்டரில் (சாய ஆன்டிபாடி ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் படிக்கும் கருவி) பார்ப்பது சிடி4 எண்ணுவதைப் போன்ற வேலையல்ல. சிடி என்பது செல்லின் மேற்பரப்புப் புரதங்களுக்கு இட்ட எண். சிடி4 ஒரு டி செல்லின் மேல் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். எந்தச் சாயத்தைப் போட்டாலும் தனிக் கூட்டமாகப் பிரிந்து தெரியும். ஐஎல்-6, காமா இன்டர்ஃபெரான், டிஎன்எஃப் ஆகிய சைட்டோகைன்களின் ஏற்பிகளோ பெரும்பாலும் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரைதான். அந்தக் கொஞ்சமும் நிலையாக இருப்பதில்லை. சைட்டோகைன் வந்து ஒட்டினால் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். செல் கிளர்ந்துவிட்டால் ஏடிஏஎம்17 என்ற நொதி, பல ஏற்பிகளின் வெளிப்பகுதியை வெட்டிப் பிளாஸ்மாவில் விட்டுவிடும். ஆகவே திரையில் 'இல்லை' என்று வந்தால் அதற்கு மூன்று பொருள் உண்டு: ஒன்று, உண்மையிலேயே இல்லை; இரண்டு, இருந்தது, வழியில் போய்விட்டது; மூன்று, இருக்கிறது, ஆனால் நம் ஆன்டிபாடி ஒட்ட முடியாதபடி மறைந்திருக்கிறது.

இராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் இரத்தம் எடுத்து, கருவி இருக்கும் ஊருக்கு அனுப்பிப் படிக்கும் ஏற்பாட்டில் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வரிசை இதுதான்: இரத்தம் வந்த வழி, அடுத்து தண்ணீரும் பஃபரும், பிறகு ஆன்டிபாடி, கடைசியில் கருவி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, முதலில் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை முறை

கீழே வரும் ஒவ்வொரு கோளாறும் இந்த முறையோடு ஒப்பிட்டே சொல்லப்படுகிறது. உங்கள் முறை வேறாக இருந்தால் எந்த இடத்தில் விலகுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் ஊதா மூடி இடிடிஏ ட்யூபில், குறியிட்ட அளவு வரை. 3 மில்லி ட்யூபில் 1 மில்லி மட்டும் எடுத்தால் இடிடிஏ மிகுந்து செல்கள் சுருங்கும். ஹெப்பாரினைத் தவிர்க்கக் காரணம் உண்டு: பல சைட்டோகைன்களும் கீமோகைன்களும் ஹெப்பாரினோடு ஒட்டும். அதோடு கால்சியம் அப்படியே இருப்பதால் தட்டணுக்கள் மோனோசைட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். எடுத்த இரத்தத்தை 20 முதல் 24 டிகிரியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஸ்டெய்ன் செய்யுங்கள், அதாவது சாய ஆன்டிபாடியை ஒட்டுங்கள். சாதாரண லிம்ஃபோசைட் எண்ணிக்கைக்கு 24 மணி நேரம் கூடத் தாங்கும். ஏற்பிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வாஷ் பஃபர் (கழுவும் கரைசல்): பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்), 0.1 சதவீத சோடியம் அசைடு. அசைடு செல்லின் ஆற்றலை நிறுத்தி, ஏற்பி உள்ளே இழுக்கப்படுவதைத் தடுக்கும். விஷம், அமிலத்தோடு கலக்கக் கூடாது, தொட்டியில் ஊற்றினால் நிறையத் தண்ணீர் விட வேண்டும். 100 மைக்ரோலிட்டர் இரத்தத்தை 3 மில்லி குளிர்ந்த பஃபரில் இரண்டு முறை கழுவுங்கள் (400 ஜி, 5 நிமிடம்). மேல் திரவத்தை எடுத்துவிட்டு மீண்டும் 100 மைக்ரோலிட்டருக்குக் கொண்டுவாருங்கள். எஃப்சி பிளாக் (ஆன்டிபாடியின் வால் செல்லில் தவறாக ஒட்டாமல் தடுப்பது) 10 நிமிடம். ஆன்டிபாடிகள் சேர்த்து 4 டிகிரியில், இருட்டில், 30 நிமிடம். பிறகு 2 மில்லி அம்மோனியம் குளோரைடு லைசிஸ் (சிவப்பணுவை உடைக்கும்) கரைசல், குளிர்ந்ததாகவே, ட்யூபுக்குப் பின்னால் பிடித்த எழுத்து தெளியும் வரை. 10 முதல் 15 நிமிடத்தில் தெளிந்துவிடும். ஒரு முறை கழுவி, இறந்த செல்லைக் காட்டும் 7-ஏஏடி சேர்த்து, 300 மைக்ரோலிட்டரில் கரைத்து, உடனே கருவியில் ஓட்டுங்கள்.

இதில் மாற்றவே கூடாத ஒன்று: ஒரு முறை குளிர்வித்த செல்லைப் படித்து முடிக்கும்வரை மறுபடி சூடாக்காதீர்கள். குளிர்ந்து மீண்டும் சூடேறும் நியூட்ரோஃபில் தானாகவே கிளர்ந்துவிடும்.

அறிகுறி: எந்தச் செல்லிலும் சிக்னலே இல்லை

ஆன்டிபாடியைக் குறை சொல்லும் முன், அதே ட்யூபில் அந்த ஏற்பி கட்டாயம் இருக்க வேண்டிய செல்லைப் பாருங்கள். சிடி127-க்கு (ஐஎல்-7 ஏற்பி) சிடி4 டி செல்களில் பெரும்பான்மை. சிடி126-க்கு (ஐஎல்-6 ஏற்பி) மோனோசைட்டும், இன்னும் தூண்டப்படாத சிடி4 செல்களும். சிடி123-க்கு (ஐஎல்-3 ஏற்பி) பேசோஃபில், இது அவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதால் ஆன்டிபாடி உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சிடி122-க்கு (ஐஎல்-2, ஐஎல்-15 ஏற்பிகளின் பகுதி) என்கே செல். சிடி124-க்கு (ஐஎல்-4 ஏற்பி) பி செல். சிடி116 (ஜிஎம்-சிஎஸ்எஃப் ஏற்பி), சிடி119 (காமா இன்டர்ஃபெரான் ஏற்பி) இரண்டுக்கும் மோனோசைட். சிடி25-க்கு (ஐஎல்-2 ஏற்பி) சிடி4 செல்களுக்குள் சிடி127 குறைவாக உள்ள அந்தச் சிறு கூட்டம்.

சாட்சிச் செல்லில் இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய செல்லில் மட்டும் இல்லை என்றால் முறையில் பெரிய கோளாறு இல்லை. அது உண்மையான முடிவாகவே இருக்கலாம். சாட்சியிலும் இல்லை என்றால் மூன்றைச் சோதியுங்கள். ஆன்டிபாடி ஃப்ரீசருக்குள் போயிருக்கிறதா? பிஇ, ஏபிசி இரண்டும் புரதச் சாயங்கள். உறைந்தால் போயிற்று, உருக்கினாலும் திரும்பாது. சிறு ஃப்ரிட்ஜில் பனிப்பெட்டிக்கு அடியில் ஒட்டி வைத்த குப்பிக்கு இது நடக்கும். இரண்டாவது, அந்தச் சாயத்துக்கான லேசரும் டிடெக்டரும் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனவா? ஆன்டிபாடியைப் பிடிக்கும் மணிகளில் (செல் அளவு நுண்துகள்கள்) ஒரு சொட்டுப் போட்டு ஓட்டினால் இந்த இரண்டு கேள்விக்கும் கால் மணி நேரத்தில் விடை கிடைக்கும். மணி ஒளிர்கிறது, செல் ஒளிரவில்லை என்றால் மூன்றாவதுக்குப் போங்கள்: லைசிஸை எப்போது செய்தீர்கள்? கடையில் வாங்கும் பல லைசிங் கரைசல்களில் ஃபார்மால்டிஹைடு உண்டு. முதலில் லைசிஸ், பிறகு ஸ்டெய்ன் என்று செய்தால், சில ஏற்பிகளில் ஆன்டிபாடி பிடிக்கும் பகுதி உருக்குலைந்துவிடும். ஸ்டெய்ன் முதலில், லைசிஸ் பிறகு.

அறிகுறி: காலையில் எடுத்து அங்கேயே பார்த்தால் இருக்கிறது, பயணம் செய்து வந்தால் குறைகிறது

இந்தக் கரைப்பகுதியில் முக்கியமான கோளாறு இது. சிடி126, டிஎன்எஃப்பின் இரண்டு ஏற்பிகள் (சிடி120ஏ, சிடி120பி) ஆகியவை ஏடிஏஎம்17-ஆல் வெட்டுப்படுபவை. நியூட்ரோஃபில்லும் மோனோசைட்டும்தான் முதலில் இழக்கும். லிம்ஃபோசைட் கொஞ்சம் பொறுக்கும். ஆகவே லிம்ஃபோசைட்டில் சரியாக இருந்து நியூட்ரோஃபில்லில் மட்டும் விழுந்திருந்தால், உதிர்வு (ஏற்பி வெட்டுப்பட்டு விழுவது) என்று கிட்டத்தட்ட உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

உறுதி செய்ய எளிய வழி, ஒவ்வொரு ட்யூபிலும் சிடி62எல் ஆன்டிபாடி ஒன்றைச் சேர்ப்பது. அதையும் இதே நொதிதான் வெட்டுகிறது. கலங்காத இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் பெரும்பாலும் முழுக்க சிடி62எல் பாசிட்டிவாக இருக்கும். அந்தக் கூட்டம் இடப்பக்கம் சரிந்திருந்தால், அந்த ட்யூபின் சிடி126 எண்ணை எழுதாதீர்கள். செல் கிளர்ந்தால் ஏறும் சிடி11பி கூடியிருப்பதும் அதே கதையைச் சொல்லும்.

காரணம் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கிறது. மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் இந்தக் கரையில் எங்கும் கிடைக்கும். கைக்கு எட்டுவதால் இரத்த ட்யூபையும் அதில் புதைத்து அனுப்பிவிடுகிறார்கள். பெட்டி நல்ல பெட்டி, ஐஸ்தான் தப்பு. ஐஸைத் தொட்டிருக்கும் ட்யூபில் சிவப்பணு உடையும். ஆய்வகத்தில் எடுத்து மேசையில் வைத்ததும் நியூட்ரோஃபில் சூடேறிக் கிளரும். மறுபுறம், ஐஸே இல்லாமல் பேருந்தில் இன்ஜின் பானெட்டுக்குப் பக்கத்தில் பார்சலாகப் போட்டு அனுப்பினால், அக்கினி நட்சத்திர நாட்களில் இரத்தம் உடல் சூட்டைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் நொதி ஓய்வெடுக்காது.

அதே தெர்மாகோல் பெட்டியில், ஏசி அறையில் முந்தின நாளே வைத்து 22 டிகிரிக்கு வந்த 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை வையுங்கள். நடுவில் ட்யூபுகளை நிமிர்ந்த நிலையில், பஞ்சு சுற்றி அடைத்து வையுங்கள். அந்தத் தண்ணீரே வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். மூடியை டேப் போட்டு ஒட்டி, வண்டியில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். உள்ளே ஒரு வெப்பப் பதிவுக் கருவி இருந்தால், பெட்டி பாம்பன் பாலத்தில் நெரிசலில் நின்றதா, பரமக்குடியில் வெயிலில் காத்திருந்ததா என்பதெல்லாம் வரைபடத்தில் தெரிந்துவிடும். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மதுரை நூற்றுக்கு மேல். ஆறு மணி நேரக் கெடுவில் பயணமே பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதால், முடிந்தால் ஸ்டெய்ன் வரையாவது இங்கேயே செய்துவிடுவது நல்லது. ஒரு சென்ட்ரிஃபியூஜும், பிப்பெட்டும், நம்பகமான ஃப்ரிட்ஜும் போதும். ஸ்டெய்ன் செய்து, லைசிஸ் முடித்து, 1 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய செல்கள் 4 டிகிரியில் இருட்டில் பயணம் செய்யும். நிலைப்படுத்திவிட்ட பிறகு ஐஸ் பெட்டி பிரச்சினையில்லை. உறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் 7-ஏஏடி உதவாது. நிலைப்படுத்தலைத் தாங்கும் அமீன் வகை உயிர்ச்சாயம் வேண்டும். அதையும் புரதமோ அசைடோ இல்லாத வெறும் பிபிஎஸ்ஸில்தான் போட வேண்டும்; பிஎஸ்ஏ இருந்தால் சாயம் முழுவதையும் அதுவே குடித்துவிடும்.

திட்டம் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பின்னால் வரும் பாதிச் சண்டை குறையும். ஒருவரின் இரத்தத்தை நான்காகப் பிரியுங்கள். ஒன்று உடனே, ஒன்று 22 டிகிரியில் 4 மணி நேரம், ஒன்று உங்கள் பெட்டி உண்மையில் போகும் வழியில் 4 மணி நேரம், ஒன்றில் பிஎம்ஏ (செல்லைக் கிளர்த்தும் வேதிப்பொருள்), 50 நானோகிராம் ஒரு மில்லிக்கு, 37 டிகிரியில் 30 நிமிடம். நான்கிலும் சிடி62எல், சிடி126, சிடி120பி பாருங்கள். பிஎம்ஏ ட்யூப், உதிர்ந்தால் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும். மூன்றாவது ட்யூப் முதலாவதைப் போல இருக்கிறதா, நான்காவதை நோக்கி நகர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு எச்சரிக்கை: பிஎம்ஏ பட்டால் சிடி4-உம் மேற்பரப்பிலிருந்து இறங்கிவிடும். அந்த ட்யூபில் உதவி டி செல்லை சிடி3 பாசிட்டிவ், சிடி8 நெகட்டிவ் என்று பிரியுங்கள்.

நொதியைத் தடுக்கும் டாப்பி-1, ஜிஎம்6001 போன்ற வேதிப்பொருள்களை ட்யூபிலேயே சேர்ப்போரும் உண்டு. ஆராய்ச்சிக்குச் சரி, ஆனால் அவை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைந்து வருவதால், வெறும் டிஎம்எஸ்ஓ போட்ட ட்யூப் ஒன்று கூடவே வேண்டும். பெட்டியைச் சரிசெய்யாமல் இதை மட்டும் நம்புவது வீண் செலவு.

அறிகுறி: முழு இரத்தத்தில் மங்கல், பிரித்தெடுத்த செல்லில் பிரகாசம்

உதிர்ந்த ஏற்பி எங்கும் போய்விடவில்லை; பிளாஸ்மாவில் மிதக்கிறது. கரையும் ஐஎல்-6 ஏற்பி ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவிலேயே மில்லிக்குச் சில பத்து நானோகிராம் இருக்கும். சிடி25, டிஎன்எஃப் ஏற்பிகளுக்கும் இப்படிக் கரையும் வடிவங்கள் உண்டு; நோயில் அவை இன்னும் ஏறும். கழுவாத இரத்தத்தில் நேராக ஆன்டிபாடியை விட்டால், செல்லைத் தொடும் முன் மிதக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். நோயாளியின் செல்லில் ஏற்பி குறைவு என்று நீங்கள் எழுதுவீர்கள். உண்மையில் குறைந்தது ஆன்டிபாடி. அடிப்படை முறையில் ஸ்டெய்னுக்கு முன் இரண்டு கழுவல் வைத்திருப்பது இதற்காகத்தான். கழுவியும் சந்தேகம் என்றால், ஆன்டிபாடியை இரட்டித்து ஒரு ட்யூப் போடுங்கள். பிரகாசம் குறிப்பிடும்படி ஏறினால், ஏதோ ஒன்று அதை இன்னும் தின்கிறது.

இதற்கு எதிர்மாறும் உண்டு: முழு இரத்தத்தில் சரி, ஃபைக்கால் (அடர்த்தியால் செல்களைப் பிரிக்கும் திரவம்) கொண்டு பிரித்த பிறகு மங்கல். பிரிக்கும் வேலையே செல்லைக் கிளர்த்தியிருக்கும். ஃபைக்கால் 1.077 என்ற அடர்த்தி 20 டிகிரி வெப்பத்துக்குச் சொன்னது. நம் கோடையில் ஏசி இல்லாத அறையில் ஃபைக்கால், இரத்தம், ரோட்டர் மூன்றும் 34 டிகிரியில் இருந்தால் அடுக்கு கலங்கும், கிடைக்கும் செல்லும் குறையும். ஏற்பிகளுக்கு முழு இரத்தமே மேல். ஃபைக்கால் வேறு வழியில்லாதபோது மட்டும்.

அறிகுறி: ஒரே ஒரு நோயாளியிடம் மட்டும் அடியோடு இல்லை

மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். டோசிலிசுமாப் எடுப்பவரின் ஐஎல்-6 ஏற்பி மேல் அந்த மருந்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் போடும் ஆன்டிபாடி அதே இடத்தைப் பிடிப்பதானால் பூஜ்யம்தான் வரும். பேசிலிக்சிமாப் கொடுத்த சிறுநீரக மாற்று நோயாளியிடம் சிடி25, டுபிலுமாப் எடுப்பவரிடம் சிடி124 இதே கதி. ஊகிக்க வேண்டாம், ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் அந்த மருந்தைச் சேர்த்து, 30 நிமிடம் வைத்து, வழக்கம்போல் ஸ்டெய்ன் செய்யுங்கள். சிக்னல் காணாமல் போனால் உங்கள் ஆன்டிபாடி மருந்தோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது. ஏற்பியின் வேறு பகுதியைப் பிடிக்கும் குளோன் (ஆன்டிபாடி வகை) ஒன்றை வாங்குங்கள். மனித ஐஜிஜியை (இரத்தத்தின் வழக்கமான ஆன்டிபாடி வகை) பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியால் மருந்தையே பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பி செல்லின் சொந்த ஐஜிஜியும், மோனோசைட்டில் ஒட்டியிருக்கும் ஐஜிஜியும் சேர்ந்து ஒளிர்ந்து குழப்பிவிடும்.

மருந்தில்லாமல் இயற்கைச் சைட்டோகைனே ஏற்பியை மறைப்பதும் உண்டு. பனியில் வைத்த செல்லை, பிஎச் 4 உள்ள கிளைசின் பஃபரில் ஒரு நிமிடத்துக்குள் கழுவி உடனே நடுநிலைக்குக் கொண்டுவந்தால், ஒட்டியிருந்தது விடும். இதற்கு முந்தைய கழுவலில் அசைடு இருக்கவே கூடாது. அமிலத்தில் அது நச்சு வாயுவாகும். அமிலத்தில் ஏற்பியே கெடுகிறதா என்று ஆரோக்கியமான இரத்தத்தில் முதலில் பாருங்கள்.

எச்ஐவி உள்ளவரின் சிடி8 செல்களில் சிடி127 குறைந்திருந்தால் அது கோளாறல்ல, நோயின் இயல்பு. ஸ்டீராய்டு எடுப்பவரிடம் மோனோசைட்டின் சிடி121பி (ஐஎல்-1-இன் இரண்டாம் வகை ஏற்பி) ஏறியிருப்பதும் அப்படியே. ஐஎல்-6 ஏற்பியில் 358-ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் அலனின் உள்ள மரபு வடிவம் பலரிடம் உண்டு. அவர்களுக்குப் பிளாஸ்மாவில் ஏற்பி கூடுதல், செல்லின் மேல் குறைவு. இரண்டு ஆரோக்கியமானவர்கள் ஒத்துப்போகவில்லை என்பதற்காக முறையை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

அறிகுறி: மோனோசைட் எல்லாவற்றுக்கும் பாசிட்டிவ்

எந்த ஏற்பியைப் போட்டாலும் மோனோசைட் ஒளிர்கிறது என்றால் நம்பாதீர்கள். மோனோசைட்டின் மேலுள்ள சிடி64 என்ற புரதம், நாம் போடும் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொள்ளும். எஃப்சி பிளாக்கை ஆன்டிபாடிக்கு முன் போட வேண்டும், சேர்த்துப் போடுவது அரைப் பயன்தான். போட்டும் தீரவில்லை என்றால் சாயத்தைப் பாருங்கள்: பிஇ-சை5, பிஇ-சை7, ஏபிசி-சை7 போன்ற இரட்டைச் சாயங்கள் ஆன்டிபாடி எதுவானாலும் மோனோசைட்டில் ஒட்டும் குணமுள்ளவை. இதற்கென மோனோசைட் பிளாக்கர் விற்கிறார்கள். அதைவிட, மோனோசைட்டில் பார்க்க வேண்டிய ஏற்பிக்கு இரட்டைச் சாயமே வாங்காமலிருப்பது சிக்கனம்.

அடுத்து ஒட்டுத் தட்டணு. தட்டணுவின் அடையாளமான சிடி61 சேர்த்துப் பாருங்கள். மோனோசைட்டில் சிடி61 பாசிட்டிவாக உள்ளவற்றில் மட்டும் உங்கள் ஏற்பியும் ஏறினால், அது தட்டணு கொண்டுவந்த சரக்கு. ஈசினோஃபில் வேறு வகைத் தொல்லை. ஒவ்வாமையோ குடற்புழுவோ உள்ளவரிடம் எண்ணிக்கை கூடி நிற்கும். சாயம் எதுவும் போடாமலே பச்சை, ஊதா அலைவரிசைகளில் ஒளிரும். ஸ்டெய்ன் இல்லாத ட்யூபை அதே நபரிடமிருந்து ஓட்டி, சிடி16 இல்லாத, லேசர் ஒளியைப் பக்கவாட்டில் அதிகம் சிதறடிக்கும் கூட்டமாகத் தனியே பிரித்துவிடுங்கள்.

அறிகுறி: சிவப்பணு உடையவில்லை, திரை முழுக்கக் குப்பை

தண்ணீர். இந்தக் கடலோரத்தில் பல ஊர்களில் கிணற்று நீரே உப்பு. காவிரி கூட்டுக் குடிநீரும் கேன் தண்ணீரும் குடிக்கத்தான், பஃபருக்கு எடுக்காதீர்கள். அம்மோனியம் குளோரைடு சிவப்பணுவுக்குள் புகுந்து, தண்ணீரை உள்ளே இழுத்து அதை வெடிக்க வைக்கிறது. கரைசலில் சாதா உப்பு கூடினால் வெளியே அழுத்தம் ஏறி, செல் ஊதவே ஊதாது. ஆலையில் வடித்த தண்ணீரையோ, ஊசி மருந்துக்கான தண்ணீரையோ பயன்படுத்துங்கள். டிடிஎஸ் பேனாவில் (கரைந்த உப்பை அளப்பது) 5-ஐத் தாண்டினால் வேண்டாம். ஆனால் பேனா உப்பை மட்டுமே சொல்லும். நாள்பட்ட தண்ணீரில் பாக்டீரியா விட்ட எண்டோடாக்சின் என்ற நஞ்சு இருந்தால் அதைக் காட்டாது. அது மோனோசைட்டைக் கிளப்பி டிஎன்எஃப் ஏற்பிகளை உதிர்க்கும். லைசிஸ் சரியாக நடந்தும் மோனோசைட் மட்டும் மங்கினால் தண்ணீரை மறுபடி சந்தேகியுங்கள்.

லைசிஸ் கரைசல் 1 லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 8.29 கிராம், பொட்டாசியம் பைகார்பனேட் 1 கிராம், டைசோடியம் இடிடிஏ 0.037 கிராம், பிஎச் 7.2 முதல் 7.4. திறந்து வைத்தால் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் திறந்து மூடும் டப்பாக்களில் உப்புகள் ஈரம் குடித்துக் கட்டியாகும். கட்டியை நிறுத்தால் பாதி தண்ணீரின் எடையையும் சேர்த்து நிறுக்கிறீர்கள். கரைசல் நீர்த்துப்போய் வெள்ளணுவும் சேர்ந்து உடையும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் வையுங்கள்.

அறிகுறி: ஏபிசி அலைவரிசையில் எதிர்பாராத கூட்டம்

ஏபிசி-சை7 உடைந்தால் ஏபிசியாகவே ஒளிரும். பிஇ-சை7 உடைந்தால் பிஇயாக. எந்தச் செல்லில் சை7 போட்டீர்களோ அதே செல்லில் பொய்ச் சிக்னல் நிற்கும் என்பதே அடையாளம். வெளிச்சம், சூடு, ஃபார்மால்டிஹைடில் அதிக நேரம் மூன்றும் காரணம். புயல் எச்சரிக்கை நாட்களில் மின்சாரம் மணிக்கணக்கில் போகும். ஆன்டிபாடி ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும், குறைந்த, உயர்ந்த வெப்பத்தைப் பதியும் வெப்பமானி உள்ளே இருக்க வேண்டும். சந்தேகமான குப்பியை மணியில் போட்டு, அதை வாங்கிய நாளில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். சாயம் உடைந்த குப்பிக்குக் காம்பென்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி மற்றொன்றில் கசிவதைக் கணக்கில் கழிப்பது) செய்து சமாளிக்க முடியாது, தூக்கி எறியுங்கள்.

அறிகுறி: கூட்டம் கொஞ்சம் நகர்கிறது, பாசிட்டிவா நெகட்டிவா தெரியவில்லை

மங்கலான ஏற்பிக்கு பிஇ போடுங்கள். ஃபிட்ஸி போன்ற மங்கல் சாயத்தில் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது. பிஇக்குள் ஒளி கசியும் பிரகாசச் சாயங்களை, முக்கியமாக பிஇயின் இரட்டைகளை, அதே செல்லின் மேல் வைக்காதீர்கள். கசிவைக் கழித்தாலும் அகலம் மிஞ்சும், அந்த அகலத்துக்குள் உங்கள் ஏற்பி காணாமல் போகும். எல்லையைக் குறிக்க எஃப்எம்ஓ, அதாவது தேடும் ஆன்டிபாடியை மட்டும் விட்டு மற்ற எல்லாம் போட்ட ட்யூப். ஐசோடைப் கன்ட்ரோலை (எந்த ஏற்பியையும் பிடிக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) வைத்துக் கோடு கிழிப்பதை விட்டுவிடலாம். அதன் அளவும் சாயவிகிதமும் வேறு, கோடு எங்கோ போய் நிற்கும்.

அளவைத் தீர்மானிக்க, ஆன்டிபாடியை இருமடங்கு நீர்ப்பாக ஏழெட்டுப் படிகளில் போட்டு, பாசிட்டிவ் செல்லுக்கும் நெகட்டிவ் செல்லுக்கும் உள்ள மீடியன் (நடு மதிப்பு) வித்தியாசத்தை நெகட்டிவின் திட்ட விலக்கத்தைப் போல் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். அதிகம் வரும் படியே உங்கள் அளவு. குப்பியில் எழுதியது அதைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். பிறகு சதவீதத்தை எழுதாதீர்கள். ஒரே கூட்டமாக நகரும் ஏற்பிக்கு '37 சதவீதம் பாசிட்டிவ்' என்பது கோடு எங்கே விழுந்தது என்பதை மட்டுமே சொல்லும். மீடியனை எழுதுங்கள், எஃப்எம்ஓவின் மீடியனையும் பக்கத்தில். எண்ணிக்கையே வேண்டுமென்றால், ஒரு ஆன்டிபாடிக்கு ஒரு பிஇ என்று இணைத்த தயாரிப்பும், பிஇ எண்ணிக்கை தெரிந்த நான்கு வகை மணிகளும் வாங்கினால், ஒரு செல்லுக்கு எத்தனை ஆன்டிபாடி ஒட்டியது என்று கணக்கிடலாம்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் பயோட்டின் இணைத்த ஆன்டிபாடி, அடுத்து ஸ்ட்ரெப்டாவிடின்-பிஇ (ஸ்ட்ரெப்டாவிடின், பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்). இந்தப் படியில் ஆர்பிஎம்ஐ என்ற செல் வளர்ப்பு ஊடகத்தைத் தொடாதீர்கள். அதில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பயோட்டின் உண்டு, ஸ்ட்ரெப்டாவிடினை நிரப்பிவிடும். ஆன்டிபாடிக்குப் பதில் பயோட்டின் இணைத்த சைட்டோகைனையே போடலாம். ஒட்டியது உண்மையா என்று பார்க்க, இணைக்காத அதே சைட்டோகைனை நூறு மடங்கு முன்கூட்டியே விட்டால் சிக்னல் விழ வேண்டும். விழவில்லை என்றால் அது ஏற்பியில் ஒட்டவில்லை.

கருவிக்கு இப்போதுதான் வருகிறோம். பிஇ டிடெக்டரின் மின்னழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் நெகட்டிவும் மங்கலும் அச்சின் அடியில் ஒன்றாக நசுங்கிக் கிடக்கும். ஸ்டெய்ன் இல்லாத லிம்ஃபோசைட்டின் திட்ட விலக்கம், கருவியின் மின்னிரைச்சலுடையதைப் போல் இரண்டரை மடங்காவது இருக்கும்வரை ஏற்றுங்கள். தினமும் அதே மணியில் அதே எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகே ட்யூபை வையுங்கள்.

அறிகுறி: செல்லின் மேலே இல்லை, ஆனால் எம்ஆர்என்ஏ (ஏற்பியை உருவாக்கச் சொல்லும் மரபுச் செய்தி) இருக்கிறது

டிஎன்எஃப் ஏற்பி ஒன்று (சிடி120ஏ) பெரும்பகுதி செல்லின் உள்ளறையான கோல்ஜிக்குள்ளேயே தங்கியிருக்கும். மேற்பரப்பில் மிகக் கொஞ்சம். இதில் கோளாறு எதுவுமில்லை. மேற்பரப்பை ஒரு நிற ஆன்டிபாடியால் நிரப்பி, நிலைப்படுத்தி, சாப்போனின் போட்டுத் துளைத்து, அதே குளோனை வேறு நிறத்தில் விடுங்கள். இரண்டாவது நிறம் மட்டும் ஒளிரும் செல்லில் ஏற்பி உள்ளே இருக்கிறது. இந்தச் சோதனைக்குத் துளைத்த செல்களின் எஃப்எம்ஓ தனியாக வேண்டும். துளைத்த செல் எதையும் கொஞ்சம் குடிக்கும். சாப்போனின் துளை தானாக மூடிக்கொள்ளும் என்பதால், ஸ்டெய்ன் பஃபரிலும் அதற்கு அடுத்த கழுவலிலும் 0.1 சதவீத சாப்போனின் இருந்தே ஆக வேண்டும். கடைசிக் கழுவலில் மட்டும் விட்டுவிடலாம்.